ஏழு புடவை, மூன்று போர்வை

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். போன ஆனியில் அவருடைய தாயார் காலமாகிவிட்டாராம். நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பீரோவைத் திறந்தால் ஏழு நூல் புடவைகள். நான்கு சுங்குடி, இரண்டு கண்டாங்கி, மயில் கழுத்து நிறத்தில் ஒரு கைத்தறி. பெண்கள் மூன்று பேர்: மூத்தவள் பெங்களூரில், கடைக்குட்டி டில்லியில், நடுவிலே இவர்.

ஏழை மூன்றால் வகுத்தால் சரியாக வராது அல்லவா? ஒருத்திக்கு மூன்று, மற்ற இருவருக்கும் இரண்டு இரண்டு என்று ஆகும். “உனக்கு அந்த அரக்குப் புடவையா?” என்று பேச்சு வேறு கிளம்பும். ஆகையால் எல்லாப் புடவைகளையும் சேர்த்து ஆளுக்கு ஒரு போர்வையாகத் தைத்துவிடலாம் என்று யோசித்திருக்கிறார். வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது. ரவிக்கையும் பாவாடையும் தைத்துப் பழக்கமும் உண்டு. ஆனாலும் இதில் கை வைக்கப் பயமாயிருக்கிறதாம். “கெட்டுப் போனால் இன்னொரு புடவைக்கு நான் எங்கே போவேன்?” என்று கேட்டிருக்கிறார். எந்த நூல் போடுவது, எந்த ஊசி, எப்படித் தைப்பது என்று கடிதம் முழுவதும் கேள்விதான்.

சகோதரி, பயப்படுவது நல்லதுதான். பயப்படாமல் தைத்து நான் ஒரு தடவை பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமியாரின் பழைய ஒன்பது கஜம் ஒன்று. கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, பூப் போல மெத்தென்று ஆகியிருந்தது. அதை நாலாக மடித்துப் போர்வையாகத் தைத்தேன். “அறுந்து போகக் கூடாது, கெட்டியாக இருக்க வேண்டும்” என்ற ஒரே எண்ணம் எனக்கு. இருப்பதிலேயே தடியான பாலியெஸ்டர் நூல் வாங்கி, 18-ஆம் நம்பர் ஊசியைப் போட்டு, தையலையும் பொடிப் பொடியாக வைத்துத் தள்ளினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு தடவை துவைத்தேன். மூன்றாம் தடவை உதறிக் காயப் போடும்போது சர்ரென்று ஒரு சத்தம். தையல் கோட்டோடு கோடாக, தபால் தலையைக் கிழித்த மாதிரி, துணி இரண்டாகப் பிளந்துகொண்டது. நூலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை! இன்றைக்கு அந்த நூலை எடுத்தால் மாட்டைக் கட்டலாம்.

என்ன தப்பு செய்தேன் தெரியுமா? மூன்று தப்பு. துணியைவிட நூல் பலமாக இருந்தது. ஊசி போட்ட ஓட்டை பெரிதாக இருந்தது. ஓட்டைகள் நெருக்கமாக இருந்தன. ஒரு போர்வையை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தால் எங்கேயாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். துணி கிழிந்தால் ஒட்டுத்தான் போட வேண்டும். ஆகவே நூல் எப்போதும் துணிக்கு ஒரு படி இளைத்ததாகவே இருக்கட்டும்.

வங்காளத்துப் பெண்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. அங்கே ‘காந்தா’ என்று தைப்பார்கள். பழம் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவது. தைப்பதற்கு நூலைக் கடையில் வாங்குவதில்லை; பழம் புடவையின் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவி எடுத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். சிக்கனத்துக்காகச் செய்தார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொரு நியாயமும் தெரிகிறது. துணிக்கு என்ன வயதோ நூலுக்கும் அதே வயது. ஒன்றை ஒன்று அறுக்காது.

மிஷின் தையலுக்கு அப்படி உருவிய இழை ஆகாது. கடை நூல்தான் வேண்டும். கடைக்குப் போய், “பருத்தி நூல் கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க?” என்று பாலியெஸ்டர் கண்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மோட்டார் மிஷினில் வேகமாகத் தைக்கிற தையற்காரருக்குப் பருத்தி நூல் அடிக்கடி அறுந்துபோகும்; பாலியெஸ்டர் அறாது. புதுத் துணியில், ரவிக்கையில், பள்ளிக்கூடச் சட்டையில் நானும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் துவைத்து மெலிந்த புடவைக்குப் பருத்திதான் என்று பிடிவாதமாக நின்று வாங்குங்கள். நான்கு கடை ஏறி இறங்கினால் ஒரு கடையில் அகப்படும். எங்குமே கிடைக்காவிட்டால் மெல்லிய ரக பாலியெஸ்டர் போடலாம். தையலைச் சற்று நீளமாக வைத்துக்கொண்டால் பாதகமில்லை. கண்ணாடி மாதிரி நிறமே தெரியாத நைலான் நூல் என்று ஒன்று காட்டுவார்கள். அது வேண்டாம். இஸ்திரிச் சூடு ஏறினால் இளகும். நுனி குழந்தையின் கன்னத்தில் குத்தும்.

நூலின் நம்பரைப் பார்த்து வாங்க வேண்டும். நம்பர் பெரிதாக ஆக இழை மெலிது. புடவைக் கடையில் “எண்பதாம் நம்பர், நூறாம் நம்பர்” என்று சொல்வார்களே, அதே கணக்குத்தான். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். எண்பதாம் நம்பர் இழை ஒரு பவுண்டு இருந்தால் 67,200 கஜம். அதாவது 38 மைல்! சென்னையில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டால் மறு நுனி மாமல்லபுரத்தைத் தாண்டிவிடும். நம் புடவையில் இப்படிப்பட்ட ஒற்றை இழைகள்தாம் ஓடுகின்றன. தையல் நூலோ மூன்று இழையை முறுக்கிச் செய்தது. 50/3 என்று போட்டிருந்தால் ஐம்பதாம் நம்பர் இழை மூன்று என்று அர்த்தம். உங்கள் புடவைகளுக்கு அந்த 50/3 போதும். 60 கிடைத்தால் இன்னும் நல்லது. 40 வேண்டாம், அது பெட்ஷீட், மெத்தை உறை போன்ற கெட்டித் துணிக்கு.

வாங்குமுன் இரண்டு பரீட்சை. ஒரு முழம் நூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பூனை வால் மாதிரி ரோமம் சிலிர்த்துக்கொண்டிருந்தால் குட்டைப் பஞ்சு நூல். மிஷின் அடியில் தூசியாகக் கொட்டும். நீள இழைப் பஞ்சில் செய்த நூல் வழுவழுவென்று இருக்கும். அடுத்து, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் பொட்டென்று அறுந்தால் கண்டு பல வருஷம் அலமாரியில் கிடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். பாட்டியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த கண்டுக்கும் இந்தப் பரீட்சை உண்டு. அன்பு வேறு, நூல் வேறு. கைத் தையலுக்கு என்று மெழுகுப் பூச்சு கொடுத்த நூலும் விற்கிறது. மிஷினில் அதைப் போட்டால் பூச்சு உரிந்து டென்ஷன் தட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

நூலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு சின்ன சரித்திரம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மிஷின் வந்த புதிதில் அதற்குத் தகுந்த நூலே இல்லை. சிங்கர் தம் மிஷினுக்குப் பேடண்ட் வாங்கியது 1851-ல். அப்போது இருந்த பருத்தி நூல் மூன்று இழையில் முறுக்கி, மேலே பளபளப்பு ஏற்றியது. கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மிஷினுக்கு அது ஒத்துவரவில்லை. ஆறு இழையில் மெதுவான நூல் செய்து 1860-களில் அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் கிளார்க் குடும்பத்தார். ‘எங்கள் புது நூல்’ என்றே அதற்குப் பெயர் வைத்து விற்றார்கள். அவர்களுடைய ஊர் ஸ்காட்லாந்தில் உள்ள பெய்ஸ்லி. கோட்ஸ் குடும்பத்தாரும் அதே ஊர்தான். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் புடவைக் கரையில் ஓடுகிற மாங்காய் இருக்கிறதே, ஆங்கிலத்தில் அதற்கு ‘பெய்ஸ்லி’ என்றுதான் பெயர். காஷ்மீர் சால்வையைப் பார்த்து அந்த ஊர் நெசவாளர்கள் மாங்காய் போட்டு நெய்தார்கள். பெயரையும் தங்கள் ஊருக்கே எடுத்துக்கொண்டார்கள்! நம் பக்கத்தில் ஹார்வி சகோதரர்கள் 1885-ல் பாபநாசம் அருவித் தண்ணீரின் பலத்தில் நூற்பாலை தொடங்கினார்கள். பிற்பாடு 1974-ல் மதுரா மில்லும் கோட்ஸும் ஒன்று சேர்ந்து ‘மதுரா கோட்ஸ்’ ஆனது. ஆக, பெய்ஸ்லி நூலும் தாமிரபரணித் தண்ணீரும் ஒரே கண்டில் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சரித்திரம் போதும். நிறத்துக்கு வருவோம். கண்டில் சுற்றியிருக்கும்போது நூல் கருப்பாகத் தெரியும். ஒற்றை இழையாகத் துணிமேல் விழுந்தால் வெளுத்துக் காட்டும். ஆகையால் ஒரு இழையை உருவித் துணிமேல் போட்டுப் பார்த்துத் தீர்மானியுங்கள். ஏழு புடவைக்கு ஏழு நிறம் வாங்க வேண்டாம். நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்று வாங்கினால் சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் அடங்கிவிடும். மேல் நூல், பாபின் நூல் இரண்டும் ஒரே நிறமாக இருக்கட்டும். டென்ஷனில் சிறு குறை இருந்தாலும் வெளியே தெரியாது. சிவப்போ கருநீலமோதான் வேண்டும் என்றால், ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். சாயம் இறங்கினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனிக் கத்திரிக்கோல். வெட்டுமுன் புடவைகளைத் தனித்தனியே அலசி, கஞ்சி போடாமல் நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். கீழ்க்கரை ஓரமும் தேய்ந்திருக்கும். தலைப்புப் பக்கம் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். நைந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புடவை ஆறு கஜம், அகலம் 45 அங்குலம் என்று வைத்துக்கொண்டு உங்களுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர்வையின் நீளம் 78 அங்குலம், அகலம் புடவை அகலமேதான். ஒட்டு வேண்டியதில்லை. ஒரு புடவை 216 அங்குலம். அதில் 78 அங்குலத் துண்டு இரண்டு வெட்டினால் தலைப்போடு 60 அங்குலம் மிஞ்சும். ஏழு புடவையிலும் சேர்த்து நீளத் துண்டு 14. ஒரு போர்வைக்கு அடியில் ஒன்று, நடுவில் இரண்டு என்று மூன்று போர்வைக்கு 9 போதும். மீதி 5 இருக்கிறது. நைந்த துண்டுகளைத் தள்ளிவிடலாம், அல்லது நைந்ததை நடு அடுக்கில் ஒளித்துவிடலாம்.

மேல் அடுக்கில்தான் விஷயம் இருக்கிறது. மிஞ்சிய தலைப்புத் துண்டு ஒவ்வொன்றிலிருந்தும் 12 அங்குலப் பட்டை மூன்று வெட்டுங்கள், போர்வைக்கு ஒன்று. ஏழு புடவைக்கு ஏழு பட்டை. அரை அங்குலத் தையல் விட்டு ஏழையும் இணைத்தால், பட்டைக்குப் பதினொன்றாக 77, இரு முனையிலும் விட்ட அரை அரை அங்குலம் சேர்த்து 78. அடித் துண்டோடு அச்சாகப் பொருந்தும்! மூன்று பேர் போர்வையிலும் ஏழு புடவையும் இருக்கும். அரக்குப் புடவை யாருக்கு என்ற பேச்சே எழாது. ஜரிகை இருந்தால் மட்டும் தள்ளிவிடுங்கள். தோலை உராயும், ஊசியையும் மழுக்கும்.

நடு அடுக்கில் பஞ்சு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உதிரிப் பஞ்சு வைத்தால் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கோடு தைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே ஒரு மூலையில் உருண்டை கட்டிக்கொள்ளும். வீட்டு மிஷினின் கழுத்துக்குள் அவ்வளவு கனம் நுழையவும் நுழையாது. நாலு அடுக்கு நூல் புடவை திருச்சிக்கு ஏராளம், பெங்களூருக்குப் போதும். டில்லித் தங்கை தை மாதத்தில் ரஜாய்க்குள் இதைப் போட்டுக்கொள்ளட்டும். உடம்பில் படுவது அம்மாவின் புடவையாக இருக்கும்.

அடுக்குகளை இழையோட்டுவதில்தான் பாதி வேலை. இதில் சோம்பல் பட்டால் மிஷினில் அழ வேண்டும். கூடத்தில் தரையைத் துடைத்து அடித்துணியை விரியுங்கள். சுருக்கமில்லாமல், ஆனால் இழுத்துப் பிடிக்காமல் இருக்க வேண்டும். அதன்மேல் நடு இரண்டு, மேலே பட்டைத்துணி. நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிக் கையால் தடவிக்கொண்டே வந்து, பெரிய பெரிய ஓட்டுத் தையலாக, ஒரு சாண் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் இழையோட்டுங்கள். குனிய முடியாதவர்கள் ஊக்கு குத்தலாம். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும். துருப்பிடித்த ஊக்கு கூடாது என்று சொல்லவே வேண்டாம்.

மிஷினுக்குப் புது ஊசி போடுங்கள். ஊசியில் மிச்சம் பிடிப்பதற்கில்லை. இந்த நூலுக்கு 11 அல்லது 14-ஆம் நம்பர். நூலும் ஊசியும் பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஓர் அடி நூலை ஊசியில் கோத்துச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தன் கனத்தாலேயே சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தயங்கி நின்றால் காது சிறியது. நூல் நைந்து அறும். மிஷின் அடித்தட்டைக் கழற்றித் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, எண்ணெய் விட்டு, பழைய துணியில் நாலு வரி தைத்து எண்ணெய்க் கறை வரவில்லை என்று கண்ட பிறகுதான் அம்மாவின் புடவை.

பாபினை மெதுவாகச் சுற்றுங்கள். பாலியெஸ்டர் ஆனால் இன்னும் மெதுவாக. வேகமாகச் சுற்றினால் நூல் நீண்டு இழுபட்டு, தைத்த பிறகு சுருங்கும். துணியும் சேர்ந்து சுருங்கும். மேல் நூல் கோக்கும்போது துணியை அழுத்தும் பாதம் தூக்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே வாங்கும். பாதத்தை இறக்கிவிட்டுக் கோத்தால் நூல் வெளியே நிற்கும்; அடியில் குருவிக் கூடு கட்டும். “மிஷின் கெட்டுவிட்டது” என்று ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சமாசாரம்.

டென்ஷன் சரியா என்று பார்க்க, மீதித் துணியில் அதே நாலு அடுக்கு வைத்து, மேலே ஒரு நிறம், அடியில் ஒரு நிறமாகத் தையுங்கள். இரண்டு நூலும் துணியின் நடுவயிற்றில் கைகோத்துக்கொள்ள வேண்டும். மேல் நூல் அடிப்பக்கம் வளையம் வளையமாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் தளர்வு. அடி நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம். மேல் திருகை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பாபின் கேஸை, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதறினால், சிலந்தி இறங்குவது போல் ஓர் அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்தப் பொடித் திருகைத் தொடவே தொடாதீர்கள்.

தையல் நீளம் அங்குலத்துக்கு எட்டு. ஒன்பது பத்துக்கு மேல் போக வேண்டாம். என் தபால் தலைக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதத்துக்கு நேர் மேலே மிஷின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதைச் சிறிது தளர்த்தினால் அழுத்தம் குறைந்து, மேல் துணி முன்னால் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்கும். அடியில் இருக்கும் பல் கீழ்த் துணியைத்தான் இழுக்கிறது; மேல் துணி தங்கிவிடுகிறது. கடைசியில் ஓர் அங்குலம் ‘வளர்ந்து’ நிற்கும் மர்மம் இதுதான். இதற்கென்றே மேலிருந்தும் துணியை நகர்த்துகிற ‘நடக்கும் பாதம்’ என்று ஒன்று விற்கிறார்கள். உங்கள் மிஷினுக்குப் பொருந்துவது கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் நன்றாக இழையோட்டி, மெதுவாக மிதித்தாலே போதும்.

முதல் கோடு நடுவில். நாலாவது பட்டையும் ஐந்தாவது பட்டையும் சேரும் இணைப்புக் கோட்டிலேயே, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓட்டுங்கள். வலது புறம் மிஷின் கழுத்துக்குள் போகிற பாதியைப் பாய் மாதிரி சுருட்டிக்கொள்ளுங்கள். இடது புறத்துக்கு ஒரு ஸ்டூலோ மேஜையோ போட்டுத் தாங்க வையுங்கள்; தொங்கவிட்டால் கனம் இழுத்துத் தையல் கோணும். நடுவிலிருந்து வலக்கோடி வரை ஒரு பாதியை முடித்துவிட்டு, போர்வையைத் திருப்பிப் போட்டு மறு பாதி. ஒரு பாதியில் எல்லாக் கோடும் ஒரே பக்கமிருந்து தொடங்க வேண்டும். உழவு மாடு மாதிரி போன வழியே திரும்பி வந்தால் பட்டைகள் சாய்ந்து அலை அலையாக மடிப்பு விழும். தொடங்கும்போது அடி நூலையும் மேலே இழுத்து, இரண்டு நுனியையும் விரலால் பிடித்துக்கொண்டு மிதியுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். நுனிகள் பிறகு ஓரப்பட்டைக்குள் போய்விடும்.

இணைப்புக் கோடுகள் ஆறு முடிந்ததும் ஒவ்வொரு பட்டைக்குள்ளும் மூன்று கோடு. சாக்கட்டி கூட வேண்டாம்! கண்டாங்கியில் கட்டம் இருக்கிறது, சுங்குடியில் புள்ளி வரிசை இருக்கிறது. கட்டத்தோடு கட்டமாக, புள்ளியோடு புள்ளியாகப் போனால் கோடு தானே நேராக வரும். கையால் முடிச்சிட்ட சுங்குடியானால் புள்ளி கொஞ்சம் ஏறி இறங்கும். தையலும் அதோடு ஏறி இறங்கட்டுமே, என்ன இப்போது? மயில் கழுத்துக்கு மட்டும் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக ஒரு போர்வைக்கு 27 கோடு, கிட்டத்தட்ட 34 கஜம். மேலும் கீழும் சேர்த்து நூல் அதைப்போல் மூன்று மடங்கு செலவாகும். பட்டை இணைப்பு, ஓரத் தையல் எல்லாம் சேர்த்தால் 100 மீட்டர் கண்டு போர்வைக்கு இரண்டு பிடிக்கும். ஏழு கண்டாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி போனால் சாம்பலிலேயே வேறு சாம்பல் கொடுப்பார்கள்.

பூவும் கொடியும் இலையுமாக மிஷினிலேயே வளைத்து வளைத்துத் தைக்கிறார்களே, அது முடியாதா என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். முடியும். பல்லை இறக்கிவிட்டு, அல்லது தகட்டால் மூடிவிட்டு, எம்ப்ராய்டரிப் பாதம் மாட்டி, துணியை நாமே நகர்த்தித் தைப்பது அது. மிஷின் ஓடுகிற வேகமும் கை நகர்கிற வேகமும் ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பழைய பெட்ஷீட்டில் ஒரு மாதம் கிறுக்கிப் பழகுங்கள். இந்தப் புடவைகளில் பழக வேண்டாம்.

ஓரத்துக்குக் குறுக்கு வாட்டத்தில் துணி வெட்டிக் கஷ்டப்படாதீர்கள். வளைவு இருந்தால்தான் அது தேவை. இங்கே எல்லாம் நேர்க்கோடு. மீந்த ஐந்து நீளத் துண்டுகளில் பத்துக் கரை இருக்கிறது, 780 அங்குலம். மூன்று போர்வையின் சுற்றளவு 738. ஒட்டுப் போடுவதற்கும் மூலை மடிப்பதற்கும் கையில் 42 அங்குலம் நிற்கிறது. போதாவிட்டால் தலைப்புத் துண்டுகளில் எடுத்துக்கொள்ளலாம். கரையை மேல் பக்கம் வைத்து மிஷினில் தைத்து, அடிப்பக்கம் மடித்து, அங்கே மட்டும் கை ஊசி போடுங்கள். கர்நாடகத்தில் சித்தி சமூகத்துப் பெண்கள் போர்வை தைத்தால் நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒரு ‘பூ’ வைப்பார்கள். பூ வைக்காத போர்வை முடிந்த போர்வை ஆகாதாம் அவர்களுக்கு. உங்களுக்கும் துண்டு மிஞ்சினால் வையுங்களேன்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மயில் கழுத்துப் புடவையின் தலைப்பில் அம்மா கை துடைத்துத் துடைத்து மஞ்சள் கறை ஏறியிருக்கிறது, எத்தனை அலசியும் போகவில்லை, அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடட்டுமா என்று. எறியாதீர்கள். மூன்று பட்டையில் அது எந்தப் பட்டையில் வருகிறது என்று பார்த்து, டில்லிக்குப் போகிற போர்வையில் முகத்தோரம் வருகிற முதல் பட்டையாக அதை வைத்துத் தையுங்கள்.